வாவிக்கரையில் ஓர் ஆபிரிக்கத் தாளம்

மட்டக்களப்பு வாவியில் நிலவு நாளில் மீன் பாடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் ஊன்றி, அதன் நுனியில் காது வைத்துக் கேட்டவர்கள் சொல்லும் கதைகளுக்கு நம்மிடம் குறைவில்லை. சுவாமி விபுலாநந்தர் அந்த இசையை நீரர மகளிரின் பாட்டாகவே கண்டு கவிதை செய்தார். மீனுக்குச் செவி கொடுத்த நாம், அதே கரையில் ஒலித்த இன்னொரு பாட்டைக் கவனித்தோமா என்பதே நேயர்களே, இன்று என் மனத்தில் உள்ள கேள்வி.

இவ்வூர்ப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினும் கிற்றாரும் றபானும் சேர்ந்து 'கப்ரிஞ்ஞா' என்றொரு துள்ளிசை எழும். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற ஆட்டம் என்று சொல்லி விட்டுவிடுவோம். ஆனால் அந்தப் பெயருக்குள் நிற்பவர் ஆபிரிக்கர். 'காப்பிரி' என்ற சொல்லோடு சிறுமையும் செல்லமும் காட்டும் போர்த்துக்கேய விகுதி சேர்ந்து பிறந்த பெயர் அது என்பர் ஆய்வாளர்.

காப்பிரி என்பதும் அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அரபு மொழியில் 'காபிர்' என்றால் நம்பிக்கையற்றவர். கிழக்காபிரிக்கக் கரையில் இஸ்லாத்தைத் தழுவாத மக்களை அரபு வணிகர் அப்படி அழைத்தனர். போர்த்துக்கேயர் அதை எடுத்துக்கொண்டனர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தொடர்ந்தனர். நம் வாய்க்கு வந்தபோது அது 'காப்பிலி' ஆயிற்று. சுருள்முடியோடு பிறந்த பிள்ளையைப் பார்த்துக் கிழவிகள் அச்சொல்லைச் சொல்வதுண்டு. நானும் சிறுவயதில் சொல்லியிருக்கிறேன், பொருள் தெரியாமல்.

இலங்கைக்கு ஆபிரிக்கர் வந்தது பழைய கதை. 1344ஆம் ஆண்டளவில் இங்கு வந்த இப்னு பதூதா, கொழும்பில் ஒரு தலைவனிடம் ஐந்நூறு அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயர் மொசாம்பிக்கிலிருந்தும் கோவா வழியாகவும் அடிமைகளைக் கொண்டுவந்தனர். அவர்கள் 1628இல் புளியந்தீவில் கட்டிய கோட்டை பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. எசமானர் மாறினர், அடிமை முறை மாறவில்லை. கொழும்பில் ஒல்லாந்தக் கொம்பனி தன் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம், ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'அடிமைத் தீவு' என்றே வழங்கியது. நாம் அதைக் கொம்பனித்தெரு என்கிறோம். தமிழ்ப் பெயரில் அந்தத் தழும்பு தெரிவதில்லை.

அந்தக் கப்பல்களில் நம்மவரும் இருந்தார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, விலைப்பட்ட தமிழரை இதே கொம்பனி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றி அனுப்பியது.

அத்திலாந்திக் கடல் வழியே ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆபிரிக்கர் ஏற்றப்பட்டனர். சுமார் 18 இலட்சம் பேர் நடுக்கடலிலேயே மாண்டனர். இந்து சமுத்திரத்தின் கணக்கு அவ்வளவு செம்மையாக எழுதப்படவில்லை. பிடிபட்டோரில் பெரும்பாலோர் இளவயதினர். உழவும் குழந்தையும் இல்லாமற் போன கிராமங்கள், துப்பாக்கிக்கும் துணிக்கும் ஆளைப் பிடித்து விற்ற அயற்குடிகள் என்று அந்த மண் தன்னைத் தானே தின்றது. மொசாம்பிக்கின் மக்குவா மக்கள் தலைமுறை தலைமுறையாக இதை அனுபவித்தார்கள்.

ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த்தின் ஆட்சி ஆபிரிக்கரைப் படைக்கென விலைகொடுத்து வாங்கியது. அவர்களின் உயிர் கண்டிப் போர்களில் செலவாயிற்று. 1816 ஓகஸ்ட் 12க்குப் பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று அறிவிக்கப்பட்டது. அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1844இல். படையிலிருந்து விலகியவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இருந்த சில குடும்பங்கள் பறங்கியரோடு மணவுறவு கொண்டு கலந்துவிட்டன.

என்னை வருத்துவது மொழியின் கதை. வெவ்வேறு ஊர்களில் பிடிபட்டவர்கள் ஒரே கப்பலில் அடைக்கப்பட்டனர். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. கடைசியில் எசமானனின் போர்த்துக்கேயமே, உடைந்து கலந்து, அவர்களுக்குப் பொதுமொழியாயிற்று. சிறாம்பியடியில் 'மாஞ்சா' என்னும் பாட்டுகளை இன்னும் பாடுகிறார்கள். வீட்டுப் பேச்சு சிங்களம். பாட்டின் சொற்களுக்குப் பொருள் சொல்ல வல்லவர் மிகச் சிலர். கொள்ளுப்பாட்டனின் ஊர்ப்பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை.

மட்டக்களப்பில் அந்தக் கலவை மொழியைப் பேசும் பறங்கியர் குடும்பங்கள் இன்னும் உண்டு. அவர்களில் பலர் வாழ்ந்த டச்பார் கரையை 2004 டிசம்பர் 26 கடல் அள்ளிக்கொண்டு போனது. எஞ்சியவர்கள் கலியாணத்துக்குக் கூடும்போது வயலின்காரர் சுருதி கூட்டுகிறார். றபானில் முதல் அடி விழுகிறது. கிழவிகள் கூடப் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஆட வருகிறார்கள்.