குவேக்கர் சிட்டி கப்பலின் சகபயணிகள்



'மலருக்கு ஏதாவது எழுதுப்பா' என்று குழுவினர் கேட்டார்கள். மெக்கானிக்கல்காரன் டர்பைனைப் பற்றி எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். எனவே ஒரு கப்பலைப் பற்றி எழுதுகிறேன். கப்பல் என்பதைவிட, அதில் ஏறியவர்களைப் பற்றி என்பதே சரி.

இரண்டு வருடம் முன்பு குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து நான்கு நாள் உல்லாசக் கப்பலில் போய்வந்தேன். எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஓர் ஆஸ்திரேலியத் தாத்தா, ஒரு சீனத் தம்பதி, தேனிலவுக்கு வந்த ஒரு குஜராத்தி ஜோடி. கடலைப் பார்த்ததைவிட அவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறோம், ஆனால் பக்கத்தில் யார் உட்காருவார் என்பது நம் கையில் இல்லையே! 'அதுவும் என் கையில்தான் இருக்க வேண்டும்' என்று நினைத்த ஒரு கூட்டம் 1867-ல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. அந்தக் கதைதான் இது.

குவேக்கர் சிட்டி 1854-ல் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். இரு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் உள்ள பழைய மாதிரி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் கடற்படையில் வேலை பார்த்தது. போர் முடிந்த இரண்டே ஆண்டுகளில் அதே கப்பல் ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் உல்லாசப் பயணம் கிளம்பியது. அமெரிக்காவிலிருந்து இன்பச் சுற்றுலாவுக்கென்றே அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பயணம் என்று இதைப் பொதுவாகச் சொல்வார்கள்.

கட்டணம் 1,250 டாலர். அன்று அது பெரிய பணம். அது மட்டும் போதாது. விண்ணப்பித்தவர் தகுதியானவர்தானா என்று ஒரு குழு பார்த்து 'சரி' சொன்னால்தான் இடம். புரூக்ளினில் புகழ்பெற்ற பாதிரியார் ஹென்றி வார்ட் பீச்சரின் தேவாலயத்தைச் சுற்றி உருவான திட்டம் அது. பீச்சரே வருகிறார், போர் வீரர் ஜெனரல் ஷெர்மன் வருகிறார் என்றெல்லாம் பேச்சு. கடைசியில் இருவருமே வரவில்லை! பீச்சர் விலகியதும் அவர் சபையார் பலரும் விலகிக்கொண்டார்கள். (சிறப்பு விருந்தினர் கடைசி நிமிடத்தில் காலை வாருவது நம் கல்லூரி விழாவில் மட்டும் நடக்கும் விஷயமில்லை, பார்த்தீர்களா?) 150 பேர் வரை ஏறலாம் என்றிருந்த கப்பலில் பாதிகூட நிறையவில்லை.

ஏறியவர்கள் யார்? பாதிரிமார்கள், டாக்டர்கள், பட்டாளப் பட்டம் தாங்கியவர்கள், பேராசிரியர்கள், வசதியான வியாபாரிகள். முக்கால்வாசிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். எல்லாவற்றையும் கவிதையாக்கிவிடும் லாங் ஐலண்ட் விவசாயி ஒருவரும் உண்டு. இவர்களுக்கு நடுவே, 31 வயதுப் பத்திரிகைக்காரர் ஒருவர். சான் பிரான்சிஸ்கோவின் ஆல்டா கலிபோர்னியா பத்திரிகை அவருக்குக் கட்டணம் கட்டி, பயணக் கடிதங்கள் எழுத அனுப்பியது. அவர்தான் மார்க் ட்வைன்.

ஜூன் 8-ம் தேதி கிளம்பிய கப்பல், வானிலை மோசமானதால் துறைமுக வாசலிலேயே நங்கூரமிட்டு, இரண்டு நாள் கழித்தே கடலுக்குள் போனது. உள்ளே சீக்கிரமே இரண்டு கட்சி உருவாகிவிட்டது. தினமும் மாலையில் ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு கட்சி. சுருட்டும் சீட்டுமாக உட்காருகிறவர்கள் இன்னொரு கட்சி. நம்ம ஹாஸ்டலில் படிப்ஸ் அறையும் கேரம் அறையும் இருந்த மாதிரிதான்.

ஆனாலும் ஐந்து மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் கோடுகள் அழியத்தான் செய்யும். கிளீவ்லண்ட் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிவந்த மேரி ஃபேர்பேங்க்ஸ் அம்மாள் ட்வைனைவிட ஏழு வயதுதான் மூத்தவர். அவரை ட்வைன் 'அம்மா' என்றே அழைத்தார், எழுத்தில் அவர் சொன்ன திருத்தங்களையும் கேட்டுக்கொண்டார். எல்மைராவின் நிலக்கரி வியாபாரி மகன் சார்லஸ் லாங்டன், 17 வயதுப் பையன், தன் அக்கா ஒலிவியாவின் சிறு படத்தை ட்வைனுக்குக் காட்டினான். 1870-ல் ஒலிவியா ட்வைனின் மனைவியானார். குழு போட்ட திட்டத்தில் இதெல்லாம் ஏது?

யால்டாவில் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டரே இவர்களை வரவேற்றார். அது அவர்களுக்குப் பெரிய பெருமை. ஆனால் என் மனதில் தங்கியது அரண்மனை இல்லை, யாஃபா துறைமுகம்.

1866-ல் ஜார்ஜ் ஆடம்ஸ் என்ற மதப் பிரசாரகரை நம்பி, மெய்ன் மாநிலத்து எளிய குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 150 பேர் புனித பூமியில் குடியேற யாஃபாவுக்குப் போனார்கள். வீடு கட்ட மரச்சட்டங்களைக்கூட ஊரிலேயே அறுத்துத் தயார் செய்து கப்பலில் கொண்டுபோனார்கள். அந்த வீடுகளில் சில இன்றும் நிற்கின்றன. ஆனால் நோய் வந்தது, பலர் இறந்தார்கள், விளைச்சல் பொய்த்தது. ஓராண்டுக்குள் குடியேற்றம் சிதைந்தது. ஊர் திரும்பப் பணமில்லை.

1867 அக்டோபர் தொடக்கத்தில் குவேக்கர் சிட்டி யாஃபாவிலிருந்து கிளம்பியபோது, அவர்களில் சுமார் நாற்பது பேர் அதில் ஏறினார்கள். இவர்கள் தகுதியானவர்களா என்று எந்தக் குழுவும் பார்க்கவில்லை. அலெக்சாண்டிரியா வரைதான் பயணம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அவர்களுக்கே தெரியாது.

பயணிகளில் ஒருவர் மோசஸ் பீச், நியூயார்க் சன் பத்திரிகைக்காரர். இவர்களை லிவர்பூல் வழியாக மெய்னுக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் என்று அமெரிக்கத் தூதரிடம் விசாரித்தார். தங்கக் கணக்கில் 1,500 டாலர் என்றார்கள். உடனே காசோலை எழுதிக் கொடுத்தார். பிரச்சினை தீர்ந்தது. ட்வைன் 1869-ல் வெளியிட்ட 'தி இன்னொசன்ட்ஸ் அப்ராட்' நூலில் இதைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார்.

யோசித்துப் பாருங்கள். தன் ஒருவருக்கான உல்லாசக் கட்டணத்தைவிடக் கூடுதலான தொகை. அதில் நாற்பது பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். நல்ல சகபயணி யார் என்று கண்டுபிடிக்க நியூயார்க்கில் ஒரு குழு உட்கார்ந்தது. ஆனால் விடை தெரிந்தது, டிக்கெட்டே இல்லாதவர்கள் கப்பலில் ஏறிய பிறகுதான்.

நவம்பர் 19-ல் கப்பல் நியூயார்க் திரும்பியது. பிறகு 1891-ல் ஜெர்மனியின் ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக் வழியில் ஆள் குறைந்து சும்மா நிற்கும் வேகக் கப்பல்களுக்கு வேலை கொடுக்க, அகஸ்டா விக்டோரியா கப்பலில் 241 பயணிகளோடு மத்தியதரைக் கடல் சுற்றி வந்தார். இன்றைய கப்பல் உல்லாசத் தொழில் இந்த வழியில் வளர்ந்ததுதான். இப்போது தகுதி பார்க்கக் குழு இல்லை, அறையின் விலையே பிரித்துவிடுகிறது. ஜன்னல் இல்லாத உள் அறை ஒரு கூட்டம், பால்கனி அறை ஒரு கூட்டம். எஞ்சின் அறையிலும் சமையலறையிலும் உழைக்கும் பிலிப்பைன்ஸ்காரரும் இந்தோனேசியரும் நம்மவர்களும் எந்தப் பயணிப் பட்டியலிலும் வருவதில்லை. அன்று குவேக்கர் சிட்டியின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களும் அப்படித்தான்.

நண்பர்களே, நம்மையும் கவுன்சலிங் என்ற ஒரு குழு ஒரே கப்பலில் ஏற்றிவிட்டது. இன்று கூடியிருப்பவர்கள் பெரும்பாலும் வரமுடிந்தவர்கள். வேலை போனவர், உடம்பு முடியாதவர், 'எந்த முகத்தோடு வருவது' என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிட்டவர், இவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்காது. குரூப் போட்டோ எடுத்து முடித்ததும், யார் வரவில்லை என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்போம். பிறகு போனை எடுப்போம். 'எவ்வளவு ஆகும்?' என்று ஒருவர் கேட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!