ரணம் ஆறும் நாட்கள்

வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியும் அவற்றைக் கையாண்ட ரண வைத்தியர்களைப் பற்றியுமே விரிவாக எழுதியிருக்கிறார்களேயன்றி, கத்தி தன் வேலையை முடித்துக்கொண்ட பிறகு நோயாளி படுக்கையில் கழிக்க வேண்டியிருந்த நாட்களைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லியிருக்கிறார்கள். தொண்டையின் இரு மருங்கிலும் உள்ள டான்சில் சதைகளை அகற்றும் சிகிச்சையில் இக்குறை நன்றாகவே தெரிகிறது. அறுவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரணம் ஆறுவதற்கோ இரண்டு வாரம் பிடிக்கும். அதிலும் குழந்தைகளைக் காட்டிலும் வயது வந்தவர்களுக்கு வேதனை அதிகமாயும் நீடித்தும் இருப்பதால், அவர்கள் விஷயத்தில் அந்த இரண்டு வாரமே சிகிச்சையின் பெரும்பகுதி என்பது என் அபிப்பிராயம்.

ஆதி வைத்தியர்கள் இதை உணராதவர்கள் அல்லர். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ், வீங்கி இறுகிப்போன டான்சிலை விரலாலேயே சுற்றிலும் நெகிழ்த்திப் பெயர்த்தெடுக்கலாம் என்றும், அது இயலாதபோது கொக்கியால் பற்றிக் கத்தியால் அறுக்கலாம் என்றும் எழுதியதோடு நில்லாமல், பிறகு அந்தப் புண்ணைக் காடியால் கழுவி, ரத்தத்தைக் கட்டும் மருந்தைப் பூசவேண்டும் என்றும் விதித்தார். ஏழாம் நூற்றாண்டின் கிரேக்க வைத்தியரான ஏஜினாவைச் சேர்ந்த பால் என்பவர், நோயாளியை வெயில் முகமாக உட்காரவைத்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள மற்றொருவர் நாக்கை அழுத்திக்கொள்ளச் செய்து அறுக்கும் முறையை விவரித்து, முடிந்தவுடன் குளிர்ந்த நீராலோ காடி கலந்த நீராலோ கொப்பளிக்கச் சொல்கிறார். நம் தேசத்தில் சுசுருத சம்ஹிதை துண்டிகேரி என்று குறிக்கும் டான்சில் நோய்க்கு, உள்நாக்கு அறுவைக்குச் சொன்ன விதிகளையே பின்பற்றச் சொல்கிறது. அளவுக்கு மிஞ்சி அறுத்தால் ரத்தம் பெருகி உயிருக்கே அபாயம், குறைத்து அறுத்தால் வீக்கமும் உமிழ்நீர்ப் பெருக்கும் உண்டாகும் என்று எச்சரித்துவிட்டு, மிளகு, வசம்பு முதலியவற்றைத் தேனும் உப்பும் சேர்த்துப் புண்ணில் தடவவும், வசம்பும் வேம்பும் சேர்ந்த கஷாயத்தால் கொப்பளிக்கவும் அது உபதேசிக்கிறது. பச்சைப் புண்ணின்மீது மிளகும் உப்பும் பட்டால் எப்படி எரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும், அறுத்தவன் கடமை அறுத்ததோடு தீரவில்லை என்ற உணர்வு இம்மூவரிடத்தும் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வேகத்தின் நூற்றாண்டு. 1828-ல் பிலடெல்பியாவில் பிலிப் சிங் பிசிக் செய்த கருவியும், பின்னர் லண்டனில் மோரல் மெக்கன்ஸி திருத்திப் பரவச் செய்த கருவியும், வளையத்துக்குள் அகப்பட்ட சதையை ஒரே தள்ளில் துண்டித்துவிடும். வெளியே துருத்தி நிற்கும் பாகம் மட்டுமே போகும், அடிப்பாகம் தங்கிவிடும். ஆகையால் ரணம் மேலோட்டமானது, ஆறுவதும் எளிது. 1909-ல் லண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் வாவ், டான்சிலை அதன் உறையோடு முழுவதும் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்ட பின், நோய் திரும்பி வருவது குறைந்தது. அதற்கு விலையாக, தொண்டையின் தசை வெறுமையாய்த் திறந்து கிடக்கும்படி ஆயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் சிக்காகோவில் பிராங்க் பில்லிங்ஸ், டான்சிலிலும் பல்லிலும் ஒளிந்துகிடக்கும் சீழே மூட்டுவாதத்துக்கும் இருதய நோய்க்கும் மூலம் என்று போதித்தார். அதை நம்பி வயது வந்தவர்கள் பலர் தொண்டையைக் காட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களை மயக்கத்தில் ஆழ்த்தாமல், நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தொண்டையை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுப்பது அக்காலத்தில் சகஜம். 1884-ல் வியன்னாவில் கார்ல் கோல்லர் கொக்கெய்னின் மரக்கச் செய்யும் சக்தியைக் கண்டுகொண்டதன் பயன் இது. நோயாளி விழித்த கண்ணோடு, மடியில் வைத்த பாத்திரத்தில் ரத்தத்தைத் துப்பியபடியே அந்த நேரத்தைக் கடத்தினார்.

அதற்குப் பின் வருவதை அனுபவித்தவர்கள் மறப்பதில்லை. முதல் இரண்டு நாள் வலி எதிர்பார்த்ததுதான். மூன்றாம் நான்காம் நாளில், தேறிவிடுவோம் என்று நினைத்திருந்த சமயத்தில், அது முன்னிலும் கடுமையாகும். தன் எச்சிலை விழுங்குவதே ஒரு காரியமாகிவிடும். தொண்டையிலிருந்து செய்தி கொண்டு போகும் ஒன்பதாம் கபால நரம்பின் கிளையொன்று நடுக்காதுக்கும் செல்வதால், காதில் யாதொரு கோளாறும் இல்லாமலே காது குத்தும். கண்ணாடி முன் வாயைத் திறந்தால் இரு பக்கமும் அழுக்கு வெள்ளையாய் ஒரு படலம் மூடியிருக்கும். அதைச் சீழென்று எண்ணிப் பயந்து சுரண்டியவர்களும் உண்டு. அது புண்ணைக் காக்கும் பொருக்கேயன்றி வேறல்ல. ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் அது உதிரும்போதுதான் வலி மறுபடி தலைதூக்கும், ரத்தம் கசியும் ஆபத்தும் அப்பொழுதே அதிகம்.

ஆகாரத்தைப் பற்றிய வழக்கங்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் கழுத்தைச் சுற்றி ஐஸ் பை, உள்ளுக்கு ஐஸ்கிரீம். இங்கிலாந்தில் பல இடங்களிலோ, மொறமொறப்பான வாட்டிய ரொட்டியை மெல்லச் செய்து தொண்டையை வேலை வாங்கினார்கள். பண்டம் எதுவானாலும், விழுங்குவதை நிறுத்தக் கூடாது, நாவறளக் கூடாது என்பதே இரண்டின் அடிப்படையும். வலிக்குப் பயந்து தண்ணீர் குடிக்காதவனுக்குத் தொண்டை உலர்ந்து வலி பெருகும். வலி பெருகவே இன்னும் குடிக்கமாட்டான். சளி பிடிக்கும் என்று குளிர்ந்த பதார்த்தங்களை விலக்கியே பழகிய நம் வீடுகளில், தொண்டை அறுவைக்குப் பின் ஐஸ்கிரீம் கொடுங்கள் என்று டாக்டரே சொல்லும்போது பெரியவர்கள் திகைப்பது இயல்பு. ஆயினும் குளிர்ச்சி வலியை மந்தப்படுத்தும் என்பது உண்மை.

விழுங்கவைப்பதற்கென்றே கையாளப்பட்ட உபாயங்களில் ஒன்று ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம். மெல்லுவதால் தாடை இயங்கும், எச்சில் ஊறும், மருந்து புண்ணின் மீதே படும் என்பது அதன் தர்க்கம். கலிபோர்னியாவில் கிளெண்டேல் நகரில் சாதாரணக் குடும்ப வைத்தியராக இருந்த லாரன்ஸ் கிரேவன், 1940-களில் தாம் டான்சில் எடுத்த நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துவந்தார். அவர்களில் சிலருக்கு அடங்காத ரத்தப்போக்கு ஏற்படுவதைக் கண்டு, தம் கை வேலையையே சந்தேகிப்பதோடு நிற்காமல், அந்த நாட்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று விசாரித்தார். வலி பொறுக்கமாட்டாமல் கடையில் மேலும் மேலும் அந்தச் சூயிங்கத்தை வாங்கி மென்றவர்களே அவர்கள் என்பது வெளிப்பட்டது. ரத்தத்தை உறையவிடாத குணம் ஆஸ்பிரினுக்கு இருக்கவேண்டும் என்று ஊகித்தவர், தாமே மிகுதியாக அதை உட்கொண்டு மூக்கில் ரத்தம் வடிவதையும் கண்டார். தொண்டையில் கேடாக முடியும் இக்குணம், ரத்தம் உறைந்து அடைப்பதால் வரும் மாரடைப்பைத் தடுக்கும் குணமாக ஏன் இருக்கக்கூடாது என்ற கேள்வியோடு, நடுவயது ஆண்களுக்கு அன்றாடம் சிறிதளவு கொடுத்து, 1950 முதல் 1956 வரை கட்டுரைகள் எழுதினார்.

அவற்றை வைத்திய உலகின் பெரியவர்கள் பொருட்படுத்தவில்லை. மருந்து கொடுக்காத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காதது அவருடைய முறையின் குறைதான்; ஆனால் அந்த ஊகத்தையாவது மற்றவர்கள் உடனே பரிசோதித்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. அவர் 1957-ல் காலமானார். ஆஸ்பிரின் வேலை செய்யும் விதத்தை ஜான் வேன் 1971-ல் விளக்கினார். இருபத்திரண்டாயிரம் அமெரிக்க வைத்தியர்களிடமே நடத்திய பரிசோதனையின் முடிவு 1988-ல் வெளிவந்து, முதல் மாரடைப்பைத் தடுப்பதில் அதன் சக்தியை நிலைநாட்டியது. ரத்தப்போக்கு என்னும் பழைய அபாயமும் கூடவே இருப்பதால், எல்லோருக்கும் அதைக் கொடுக்கும் வழக்கம் இப்போது குறைந்திருக்கிறது.

தொண்டை அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஆஸ்பிரின் இன்று விலக்கு. வலி வந்தபின் தேடாமல், வேளை தவறாமல் பாரசிட்டமால் போன்ற மருந்தை விழுங்கிக்கொண்டு, அது வேலை செய்யத் தொடங்கும் அரைமணி கழித்துக் குழைந்த சாதமோ இட்லியோ சாப்பிடும்படி சொல்கிறார்கள். பொருக்கு உதிரும் நாட்களில் பாரம் தூக்கவும் தொலைதூரம் பிரயாணம் போகவும் வேண்டாம் என்றும், சிவந்த ரத்தத்தைத் துப்ப நேர்ந்தால் இரவு எந்நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றும் எச்சரித்தே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.