நடந்து வென்ற நகரம்

நகரத்திலே வாழும் ஏழைத் தொழிலாளிக்குப் பஸ் வண்டி ஒரு வசதி மாத்திரமன்று. அவனது அன்றாட உணவோடு பிணைந்த சாதனமுமாகும். பஸ் ஓடாத நாளிலே வேலையில்லை. வேலையில்லாத நாளிலே கூலியில்லை. இவ்வாறிருக்க, பஸ் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதனைத் தாமாக உதறித்தள்ளி, ஓராண்டுக்கு மேலாக வேறு வழிகளில் வேலைக்குச் சென்று தம் உரிமையை நிலைநாட்டிய மக்கள் உளர். அவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துத் தலைநகராகிய மொன்ட்கொமரியில் வாழ்ந்த கறுப்பின மக்களாவர். 1955 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 ஆந் திகதி தொடங்கிய அவர்களது பகிஷ்கரிப்பு 381 நாட்கள் நீடித்தது.

அந்நகரத்துப் பஸ் பிரயாணிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். எனினும் முன்புறத்து முதற் பத்து ஆசனங்கள் வெள்ளையருக்கே உரியன. அவை வெறுமையாய்க் கிடந்தாலும் கறுப்பினத்தவர் நின்றே செல்லல் வேண்டும். முன்வாயிலில் ஏறிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, மீண்டும் இறங்கிப் பின்வாயிலால் ஏறும்படி சாரதிகள் அவர்களைப் பணிப்பதுண்டு. அவர்கள் பின்வாயிலை அடையுமுன்னரே வண்டி புறப்பட்டுவிடுவதும் உண்டு.

1955 மார்ச் மாதத்திலே குளோடெற் கொல்வின் என்னும் பதினைந்து வயது மாணவி ஆசனத்தை விட்டெழ மறுத்துக் கைதானாள். டிசெம்பர் 1 ஆந் திகதி மாலை, பல்பொருட் பெருங்கடையொன்றில் தையல் வேலை செய்துவந்த றோசா பார்க்ஸ் அம்மையாரும் அவ்வாறே மறுத்துக் கைதானார். அன்றிரவே அலபாமா அரசினர் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் றொபின்சன், கல்லூரியிலிருந்த ரோணியோ இயந்திரத்தின் உதவியால் பல்லாயிரந் துண்டுப் பிரசுரங்களை ஆக்குவித்தார். திங்கட்கிழமை ஒருநாள் மாத்திரம் பஸ்ஸில் ஏறாதிருக்குமாறு அவை வேண்டின. அத்திங்களன்று பஸ் வண்டிகள் பெரும்பாலும் வெறுமையாகவே ஓடின. மாலையிலே ஹோல்ட் வீதித் தேவாலயத்தில் திரண்ட மக்கள் பகிஷ்கரிப்பைத் தொடர்வதெனத் தீர்மானித்தனர். போராட்டத்தை நடாத்த அமைந்த சங்கத்துக்கு இருபத்தாறு வயதே நிரம்பிய போதகர் மார்ட்டின் லூதர் கிங் தலைவரானார்.

அவர்களது முதற் கோரிக்கைகள் மிகவும் அடக்கமானவை. சாரதிகள் மரியாதையாய் நடத்தல் வேண்டும். வெள்ளையர் முன்னிருந்தும் கறுப்பினத்தவர் பின்னிருந்தும் வந்த முறைப்படி அமர்தல் வேண்டும். கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் அவ்வினத்துச் சாரதிகளை நியமித்தல் வேண்டும். இவற்றைக்கூட நகர ஆட்சியினர் ஏற்க மறுத்தனர்.

சொற்பொழிவு கேட்டு எழுந்த உணர்ச்சி ஒருநாள் நடக்கப் போதும். ஒரு மாதம் நடக்கப் போதாது. ஆயிரக்கணக்கான சமையற்காரிகளும் சலவைக்காரிகளும் கூலியாட்களும் நாடோறும் உரிய நேரத்தில் வேலைக்குச் சென்று மீள்வது எவ்வாறு? போராட்டத்தின் முடிவு இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையிலேயே தங்கியிருந்தது. முதலிலே வாடகை மோட்டார்ச் சாரதிகள் பஸ் கட்டணமாகிய பத்துச் சதத்துக்கே மக்களை ஏற்றிச் சென்றனர். நகர ஆட்சியினரோ, குறைந்த வாடகை நாற்பத்தைந்து சதமென்னும் விதியைக் காட்டி அதனைத் தடுத்தனர்.

இந்நிலையில் லூசியானா மாநிலத்துப் பற்றன் றூஜ் நகரத்து அனுபவம் கைகொடுத்தது. 1953 ஆம் ஆண்டிலே அங்கு நிகழ்ந்த பஸ் பகிஷ்கரிப்பை நடாத்திய போதகர் ஜெமிசன், சொந்த மோட்டார் வண்டிகளைக் கொண்டு போக்குவரத்தை ஒழுங்குசெய்த முறையைக் கிங்குக்கு விளக்கினார். அம்முறையைப் பின்பற்றி மொன்ட்கொமரியில் ஏறத்தாழ 300 வண்டிகள் திரட்டப்பட்டன. ஏறுமிடங்களாக நாற்பதுக்கு மேற்பட்ட தரிப்பிடங்கள் குறிக்கப்பட்டன. நகர மத்தியில் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான வாகனத் தரிப்பிடம் வண்டி மாறும் நிலையமாயிற்று. போதகரும் ஆசிரியரும் வியாபாரிகளும் தம் தொழிலுக்கு முன்னும் பின்னும் சாரதிகளாயினர். கறுப்பினச் சபையொன்றின் போதகராயிருந்த றொபேட் கிறேற்ஸ் என்னும் வெள்ளையரும் அவர்களோடு வண்டியோட்டினார். அதன் பயனாக அவர் வீடு பின்னர் வெடிகுண்டுத் தாக்குதலுக்கு இலக்காயிற்று.

எரிபொருளுக்குப் பணம் வேண்டும். ஜோர்ஜியா கில்மோர் என்னும் சமையற்காரி தம் தோழியரைச் சேர்த்து, உணவும் பணியாரமும் சமைத்து விற்று, வந்த பணத்தைச் சங்கத்துக்கு அளித்தார். பணம் எங்கிருந்து வருகின்றதென எவரேனும் வினவின், எங்கிருந்துமில்லை எனலாமென்று கருதி, அக்குழுவுக்கு ‘எங்குமில்லாதோர் கழகம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். தேவாலயங்களும் பெரிய மோட்டார் வண்டிகளை வாங்கி ஓடவிட்டன. அவ்வண்டிகளின் காப்புறுதி இரத்துச் செய்யப்பட்டபோது, இலண்டன் நகரத்து லொயிட்ஸ் நிறுவனத்தின் மூலம் புதிய காப்புறுதி பெறப்பட்டது.

வண்டியில் இடங் கிடைக்காதோர் நடந்தனர். சிலர் கோவேறு கழுதை பூட்டிய வண்டியிலும் சென்றனர். வெள்ளைக்கார இல்லத்தரசிகள் பலர் தம் வேலைக்காரிகளைத் தாமே ஏற்றிச் சென்றனர். நகரபிதா கேல் இதனை வெளிப்படையாகக் கண்டித்தும் அவ்வழக்கம் நிற்கவில்லை. அடுக்களை வேலை நகரபிதாவின் கட்டளைக்காகக் காத்திருக்கவில்லை.

பஸ் கம்பனியோ நட்டமடைந்து, கட்டணத்தைப் பதினைந்து சதமாக உயர்த்தியது. 1956 யனவரி 26 ஆந் திகதி, குறித்த வேகத்துக்கு மேல் வண்டியோட்டினாரெனக் கிங் கைதுசெய்யப்பட்டார். நான்கு நாட்களின் பின் அவர் வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. பெப்ரவரியில் 1921 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ் எண்பதுக்கு மேற்பட்டோர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. வண்டிகள் ஓடுவது நிற்கவில்லை.

இதற்கிடையே, பெப்ரவரி 1 ஆந் திகதி, இளம் வழக்கறிஞர் பிரெட் கிறே பெண்கள் சிலர் சார்பில் வழக்குத் தொடுத்தார். அவர்களுள் ஒருத்தி முன்னர் கைதான மாணவி கொல்வின். பஸ்களில் இனவாரியாக ஆசனம் பிரிப்பது அரசியலமைப்புக்கு முரணானதென யூன் மாதத்திலே மத்திய மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. நகர ஆட்சியினர் மேன்முறையீடு செய்தனர். நவம்பர் 13 ஆந் திகதி, மோட்டார் வண்டி ஒழுங்கைத் தடைசெய்யக் கோரிய வழக்கிலே கிங் மொன்ட்கொமரி நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தபோது, அதியுயர் நீதிமன்றம் முந்திய தீர்ப்பை உறுதிசெய்த செய்தி வந்தது. அன்றே மொன்ட்கொமரி நீதிமன்றம் வண்டி ஒழுங்கைத் தடைசெய்யவும் செய்தது.

வழக்கு வென்றது, வண்டிகளோ நின்றன. அதியுயர் நீதிமன்றத்தின் கட்டளை நகரத்தை வந்தடைய ஐந்து வாரங்களுக்கு மேலாயிற்று. அக்காலமெல்லாம் மக்கள் அயலவர் உதவியைக் கொண்டும் தம் கால்களைக் கொண்டுமே வேலைக்குச் சென்றனர். ஓராண்டுப் பழக்கம் அவர்களைக் கைவிடவில்லை. டிசெம்பர் 20 ஆந் திகதி கட்டளை வந்தது. மறுநாட் காலை, அவர்கள் முன்வாயிலால் ஏறி விரும்பிய ஆசனங்களில் அமர்ந்தனர்.

வெற்றியோடு துன்பம் ஒழிந்துவிடவில்லை. பஸ்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. 1957 யனவரியில் தேவாலயங்களிலே வெடிகுண்டுகள் வெடித்தன. தொழிலிழந்த றோசா பார்க்ஸ் அவ்வாண்டே நகரை விட்டு நீங்கி டெற்றோயிற் சென்றார். அவர் அமர்ந்திருந்த பஸ் வண்டி இன்று மிச்சிகன் மாநிலத்து ஹென்றி போர்ட் அருங்காட்சியகத்திலே பேணப்படுகின்றது. அவ்வண்டியைக் காண்போர், அதில் ஏறாது நடந்தோரையும், அவர்களை ஏற்றிச் சென்ற 300 வண்டிகளையும், அவ்வண்டிகளின் எரிபொருளுக்காக அடுப்பெரித்த பெண்களையும் உடன் நினைத்தல் தகும். நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அவ்வழக்கை உயிரோடு வைத்திருந்தோர் அவர்களே.