அம்மியும் பொட்டலமும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் சமையல் வரலாறு



தீபாவளி நெருங்கும்போதெல்லாம் ஒரு குறை காதில் விழும். “அம்மி போயிற்று, அதனோடு சுவையும் போயிற்று, இக்காலப் பெண்கள் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிக் குழம்பு வைக்கின்றனர்” என்பார்கள். நம் வரலாற்றை எண்ணிப் பார்க்கையில் இக்குறையை என்னால் ஏற்க இயலவில்லை.

சிலாங்கூரின் பால்மரத் தோட்டங்களில் நம் பெண்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்கள். அதற்கும் முன்னே எழுந்து உலை வைத்தாக வேண்டும். ஆகவே அன்றாட உணவு சோறு, ஒரு குழம்பு, கிடைத்தால் கருவாடு. இட்டிலியும் தோசையும் ஆட்டிறைச்சியும் திருநாளுக்கு உரியவை. முதல் நாளே ஆட்டுக்கல்லில் அரிசியும் உளுந்தும் ஆட்ட வேண்டும். அம்மியில் மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றை அரைக்க வேண்டும். தாய் பால்வெட்டச் சென்றுவிட்டால் குழவியைப் பிடிப்பவள் யார்? பெரும்பாலும் மூத்த மகள்தான். வீட்டு வேலைக்காகவும் தம்பி தங்கையருக்காகவும் படிப்பை இடையில் நிறுத்திய பெண்கள் தோட்டந்தோறும் இருந்தனர். அம்மியின் சுவையைப் புகழ்வோர் இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளின் கதை வேறு. அங்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களின் குடும்பங்கள் மிகுதி. மிளகாய், மல்லி, மிளகு, வெந்தயம் முதலியவற்றை வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்து வைப்பது அவர்கள் வழக்கம். வேண்டும்போது கரண்டியால் எடுத்துப் போட்டால் கறி ஆயிற்று. 1747-இல் இலண்டனில் வெளிவந்த ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் நூலிலேயே கறி செய்முறை உண்டு. பின்னர்க் கறித்தூள் ஆங்கிலேயர் கடைகளில் விற்பனைப் பொருளாயிற்று. அதனால் ஆயத்தத் தூள் என்றாலே வெள்ளையர் சரக்கு என்று சிலர் கருதுகின்றனர். யாழ்ப்பாணத்துப் போத்தலை அவர்கள் பார்த்ததில்லை போலும்!

அம்மிக்கும் பொட்டலத்துக்கும் நடுவே இன்னொரு படியும் இருந்தது. காலைச் சந்தையில் அரைத்த மசாலாவை உருண்டை உருண்டையாக வைத்து விற்பார்கள். “மீனுக்கா, இறைச்சிக்கா?” என்று கேட்டு அதற்கேற்ப மிளகாய், மல்லி, மஞ்சள் விழுதுகளைக் கிள்ளிச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். இதைச் சோம்பல் என்று அன்று யாரும் பழித்ததாகத் தெரியவில்லை.

1970களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் வந்தபோது, நம் மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். பெண்கள் சுங்கைவே போன்ற இடங்களின் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். அடுக்குமாடி வீட்டில் ஆட்டுக்கல்லுக்கு இடமேது? அரவை இயந்திரம் 1955-இல் கோயம்புத்தூரில் உருவாயிற்று. அதே ஆண்டு ஜப்பானில் தோஷிபா நிறுவனம் மின்சாரச் சோற்றுப்பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவற்றோடு பிரஷர் குக்கரும் பிற்காலத்தில் நம் அடுக்களைக்குள் புகுந்தது.

தமிழகத்தில் மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டார். தாயும் மாமியாரும் அருகில் இல்லாத இளம் பெண்களுக்கு அளவோடு சொல்லிக்கொடுத்த அரிய நூல் அது. ஆயினும் அது சைவச் சமையல் நூல். நம் தீபாவளி விருந்தின் தலைவனான ஆட்டிறைச்சிப் பிரட்டலை அதில் தேட முடியாது. அது வாய்வழியாகவே வந்தது. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு கிலோ இறைச்சியை மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, மூன்று மேசைக்கரண்டி இறைச்சித்தூள், உப்பு ஆகியவற்றோடு பிசறி, அரைக் குவளை நீர் விட்டுக் குக்கரில் இருபது நிமிடம் வேகவிடுங்கள். வாணலியில் பட்டை, கிராம்பு, சோம்பு, கறிவேப்பிலை, நிறைய வெங்காயம் தாளித்து, வெந்ததைக் கொட்டி நீர் வற்றும்வரை பிரட்டுங்கள். இந்தக் கடைசிப் பிரட்டலில் மட்டும் அவசரம் கூடாது.

எல்லாமே பொட்டலமாகிவிடவுமில்லை. தீபாவளிக்கு முன் கிள்ளான் பக்கத்து அரவை ஆலைகளுக்குச் சென்று பாருங்கள். காயவைத்த மிளகாயும் மல்லியும் பையில் சுமந்து பாட்டிமார் காத்திருப்பர். மல்லி இரண்டு பங்கு, மிளகாய் ஒரு பங்கு. சோம்பும் சீரகமும் எவ்வளவு என்பது மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். அதை ஆலைக்காரரிடம் சொல்வதற்குப் பெரும்பாலும் பேத்தியும் கூட வந்திருப்பாள், கையில் ஒரு தாளோடு.