மும்மடி கிருஷ்ணராஜரின் சீட்டுக்கட்டுகள்

பெங்களூரிலிருந்து ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லைக்குள் கடைசியாக வரும் ஊரான அத்திபெலே, வெளியூராருக்குப் பெரும்பாலும் அங்குள்ள எல்லைச் சோதனைச்சாவடியாலேயே அறிமுகமானது. ஆனால் அந்த எல்லை 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது புதிதாக முளைத்ததன்று. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்ட பிறகு, கிழக்கிந்தியக் கும்பினி ஒசூர்ப் பகுதியைத் தன் சேலம் மாவட்டத்தோடு சேர்த்துக்கொண்டது. அத்திபெலே அடங்கிய ஆனேக்கல் பகுதி மைசூர் அரசிலேயே நின்றது. அந்த அரசின் அரியணையில் அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அமர்த்தப்பட்டவர் ஐந்து வயதுகூட நிறையாத ஒரு குழந்தை. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் என்னும் பெயருடன் 1868இல் மறையும்வரை மைசூர் மன்னராக இருந்த அவர், கவிஞர்களையும் ஓவியர்களையும் இசைவாணர்களையும் ஆதரித்த புரவலராக நினைக்கப்படுகிறார். அவர் சீட்டாட்டங்களை வடிவமைத்தவர் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இன்று கற்பனை உலகங்களை மையமாகக் கொண்ட சேகரிப்புச் சீட்டு விளையாட்டுகளுக்காக இளைஞர்கள் தாமே புதிய சீட்டுகளை உருவாக்கி, எந்தச் சீட்டுக்கு எவ்வளவு வலிமை தரலாம் என்று வாதிடுகிறார்கள். அந்த வாதத்தின் அடிப்படைக் கேள்விகள் அனைத்தையும் இந்த மன்னரின் கட்டுகளிலும், அவற்றுக்கு முன்னோடியான கஞ்சிஃபாவிலும் காணலாம்.

கஞ்சிஃபா என்பது பாரசீக வழியில் இந்தியாவுக்கு வந்து, முகலாயர் காலத்தில் இங்கே வேரூன்றிய சீட்டாட்டம். 1527இல் சிந்துப் பகுதியின் ஷா ஹசன் விரும்பிக் கேட்டதால் கஞ்சிஃபாச் சீட்டுகளை அவருக்கு அனுப்பியதாக பாபர் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருப்பதே இந்திய மண்ணில் இவ்வாட்டம் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய செய்தி. பரவலாக வழங்கிய முகலாயக் கட்டில் எட்டு இனங்கள் உண்டு. இனம் என்பது ஒரே சின்னம் பொறித்த சீட்டுகளின் வரிசை. மகுடம், வெள்ளிக்காசு, வாள், அடிமை, யாழ், பொற்காசு, ஆவணம், சரக்கு என அமைந்த அந்த எட்டும் ஓர் அரண்மனையின் கருவூலம், படை, பணியாளர், கேளிக்கை, கணக்கு ஆகிய துறைகளை ஒரு கட்டுக்குள் அடக்கியவை. ஒவ்வோர் இனத்திலும் அரசர், அமைச்சர் ஆகிய இரு உருவச் சீட்டுகளும் ஒன்று முதல் பத்துவரையான எண் சீட்டுகளுமாகப் பன்னிரண்டு. ஆக மொத்தம் 96. மூவர் ஆடினால் ஆளுக்கு 32 சீட்டுகள் மிச்சமின்றிப் பிரியும்.

இந்தக் கட்டில் வடிவமைப்பாளரின் கைவண்ணம் தெரியும் இடம் எண் சீட்டுகளின் வரிசை. நான்கு இனங்களில் பத்து உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது. மற்ற நான்கில் முறை தலைகீழாகி, அமைச்சருக்கு அடுத்த இடத்தில் ஒன்று நிற்க, பத்து கடைநிலைக்குப் போய்விடுகிறது. முன்னவை வலிய இனங்கள் என்றும் பின்னவை மெலிய இனங்கள் என்றும் பெயர் பெற்றாலும், ஓர் இனத்துக்குள் வரிசையைத் திருப்பிப் போடுவதால் வெல்லும் வாய்ப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எப்படி அடுக்கினாலும் பன்னிரண்டு சீட்டுகளில் ஒன்று முதலாவதாகவும் ஒன்று கடைசியாகவும்தான் இருக்கும். மாறுவது ஆடுபவரின் கவனத்தின் மேல் விழும் சுமை. ஓர் இனத்தில் எஞ்சியவற்றுள் மிக உயர்ந்த சீட்டை ‘ஹுகும்’ என்பார்கள். அரசர் இறங்கிவிட்டால் அமைச்சர் ஹுகும், அமைச்சரும் போய்விட்டால் பத்தோ ஒன்றோ, அது எந்த இனம் என்பதைப் பொறுத்தது. எந்த இனத்தில் இப்போது ஹுகும் எது, அது யார் கையில் இருக்கக்கூடும் என்பதை எட்டு இனங்களுக்கும் நினைவில் வைத்துக்கொள்பவரே தேர்ந்த ஆட்டக்காரர். ஐரோப்பாவின் பழைய டாரட் ஆட்டங்களிலும் வாள், தடி ஆகிய இனங்களில் பத்து உயர்ந்ததாகவும், கிண்ணம், காசு ஆகிய இனங்களில் ஒன்று உயர்ந்ததாகவும் இருந்திருப்பது, இந்த உத்தி எவ்வளவு பழையது, எவ்வளவு தொலைவு பயணம் செய்தது என்பதைக் காட்டுகிறது.

யார் முதலில் ஆடுவது என்பதையும் கஞ்சிஃபா அழகாகத் தீர்த்தது. பகலில் ஆடும்போது பொற்காசு இனத்தின் அரசரைக் கையில் வைத்திருப்பவர் தொடங்க வேண்டும்; இரவில் ஆடினால் அந்த உரிமை வெள்ளிக்காசின் அரசருக்குப் போகும். ஒன்று சூரியனின் இனம், மற்றது சந்திரனின் இனம். ஒரு சீட்டுக்கு மட்டும் என்றைக்கும் தனிச் சலுகை இருந்துவிடாமல், வானத்தின் நிலையைக்கொண்டே ஆட்டத்தின் நிலையை மாற்றும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு புதுச் சீட்டும் தேவைப்படவில்லை.

அக்பர் இதோடு நிறைவடையவில்லை. அபுல் ஃபசலின் ஆயினி அக்பரி, பழங்காலத்தவர் பன்னிரண்டை அடிப்படையாகக் கொண்டு ஆட்டத்தை அமைத்தபோதிலும், பன்னிரண்டு அரசர்களும் பன்னிரண்டு வகையினராக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார்கள் என்று குறை கூறுகிறது. அந்நூல் சொல்லும் 144 சீட்டுகள் கொண்ட கட்டில் குதிரைப்படையால் வலிமை பெற்ற அசுவபதி, யானைகளால் வலிமை பெற்ற கஜபதி, காலாட்படையின் நரபதி, கோட்டைக்குரிய அரசர், கருவூலத்துக்குரிய அரசர், கப்பல்களுக்குரிய அரசர், காட்டுக்குரிய அரசர், பாம்புகளுக்குரிய அரசர் என ஒவ்வொருவரும் தத்தம் உலகத்தோடு வருகிறார்கள். அசுவபதி தில்லி வேந்தரைப் போன்றவர், கஜபதி ஒரிசாவின் ஆட்சியாளரைப் போன்றவர், நரபதி பீஜப்பூர் ஆட்சியாளரைப் போன்றவர் என்று அபுல் ஃபசல் விளக்குவதைப் படிப்பவருக்கு, அக்கால அரசியல் முழுவதும் ஒரு சீட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருப்பது புரியும். ஒவ்வொரு சீட்டுக்கும் கதை வேண்டும் என்ற வேட்கை இங்கே தொடங்குகிறது.

அந்த வேட்கை முகலாய அரண்மனைக்கு வெளியே தசாவதாரக் கஞ்சிஃபாவாக மலர்ந்தது. திருமாலின் பத்து அவதாரங்களும் பத்து இனங்களாகி, மச்சாவதாரத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை, பரசுராமருக்குக் கோடாரி என எண் சீட்டுகளின் சின்னங்களும் புராணத்திலிருந்தே வந்தன. மொத்தம் 120 சீட்டுகள். மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் மூவர் ஆளுக்கு 40 சீட்டுகளுடனும், வங்காளத்தின் விஷ்ணுபூரில் ஐவர் ஆளுக்கு 24 சீட்டுகளுடனும் ஆடினார்கள். பகலில் இராமர் ஆட்டத்தைத் தொடங்குவார், இரவில் கிருஷ்ணர்; சூரிய குலத்தவரும் சந்திர குலத்தவருமான இவ்விருவரும் முகலாயக் கட்டின் பொற்காசுக்கும் வெள்ளிக்காசுக்கும் உரிய இடத்தில் இயல்பாகப் பொருந்தினர். ஐந்து இனங்களில் எண்கள் ஒரு வரிசையிலும் மற்ற ஐந்தில் எதிர் வரிசையிலும் நின்றன. கதை முழுவதும் மாறியபோதிலும் ஆட்டத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. அதனாலேயே ஓரிடத்தில் ஆடிப் பழகியவர் மற்றோரிடத்திலும் அமர்ந்து ஆட முடிந்தது.

மும்மடி கிருஷ்ணராஜர் கைவைத்தது இந்த எலும்புக்கூட்டின் மீதுதான். 1811வரை திவான் பூர்ணய்யாவின் பொறுப்பில் இருந்த ஆட்சி அதன்பின் அவரிடம் வந்து, நகர் பகுதிக் கிளர்ச்சியைக் காரணம் காட்டி 1831இல் ஆங்கிலேயரால் பறிக்கப்பட்டது. பெங்களூரிலிருந்து ஆணையர்கள் நாட்டை ஆள, 1834 முதல் 1861வரை மார்க் கப்பன் அந்தப் பொறுப்பில் இருக்க, மன்னர் மைசூர் அரண்மனையில் பட்டமும் ஓய்வூதியமுமாகத் தம் எஞ்சிய நாட்களைக் கழித்தார். சதுரங்கப் பலகையின் எல்லாக் கட்டங்களையும் குதிரை ஒருமுறை மட்டும் தொட்டுச் செல்லும் புதிர்களை அவர் அமைத்ததும், பலகை ஆட்டங்களை வரைந்ததும், சீட்டுக்கட்டுகளைப் படைத்ததும் அந்த அரண்மனையில்தான். ஆளும் உரிமை போன ஒருவர் விதிகளை இயற்றும் உரிமையை ஆட்டங்களில் தேடிக்கொண்டார் என்று சொல்வது எளிது. ஆனால் அப்பணியின் விரிவைக் காண்பவர்க்கு அது வெறும் ஆறுதலாகத் தோன்றாது. தெய்வ உருவங்களின் இலக்கணங்களைத் தொகுக்கும் ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் அவருடைய பெருநூல் ஒன்பது நிதிகளாகப் பகுக்கப்பட்டது. அவற்றுள் கடைசியான ‘கௌதுக நிதி’ ஆட்டங்களையும் விவரிக்கிறது. ஒரு மன்னர் தாம் வடிவமைத்த சீட்டாட்டங்களைத் தெய்வ வடிவங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துப் போற்றியிருக்கிறார்.

அந்நூல் விவரிக்கும் சீட்டாட்டங்கள் ‘சத’ ஆட்டங்கள் எனப்படுகின்றன. சாமுண்டேசுவரி சத, நவக்கிரக சத, பஞ்சபாண்டவ சத, திக்பால சத, தேவி தசாவதார சத, ஜகன்மோகன சத என நீளும் பெயர்களே அவற்றின் உலகத்தைக் காட்டும். கஞ்சிஃபாவில் ஓர் இனத்துக்குப் பன்னிரண்டு சீட்டுகள் என்றால், மைசூர்க் கட்டின் வழக்கமான இனத்தில் பன்னிரண்டு எண் சீட்டுகளோடு ஆறு உருவச் சீட்டுகளும் சேர்ந்து பதினெட்டு. அரசரும் அமைச்சரும் மட்டுமே இருந்த அரசவை ஆறு பேரின் அவையாக விரிந்தது. சில கட்டுகளில் நிலையான துருப்பு இனம் உண்டு. துருப்பு என்பது மற்ற எந்த இனத்தின் சீட்டையும் வெட்டக்கூடிய இனம். வேண்டிய சீட்டின் இடத்தில் ஆடக்கூடிய தனிச் சீட்டுகளும் உண்டு. மிகப் பெரிய கட்டுகளில் சீட்டுகளின் எண்ணிக்கை 360வரை சென்றது.

இவற்றைப் படைத்த கற்பனையின் செழுமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும் ஆட்டம் என்ற அளவில் இவை முகலாயக் கட்டைவிடச் சிறந்தவை என்று சொல்வது கடினம். முகலாயக் கட்டில் துருப்பே கிடையாது. எந்த இனமும் மற்றோர் இனத்தை வெட்டாது என்பதால், எந்த இனத்தின் சீட்டுகள் கைக்கு வந்தாலும் அவற்றைக்கொண்டு ஒரு வழி தேட முடியும். நிலையான துருப்பு இனம் ஒன்றைச் சேர்த்தால், அந்த இனம் யார் கையில் அதிகம் விழுந்ததோ அவர் சீட்டுப் போட்டவுடனேயே பாதி வென்றவராகிறார். திறமைக்குரிய இடத்தை அதிர்ஷ்டம் எடுத்துக்கொள்கிறது. நினைவின் எல்லையும் உண்டு. 96 சீட்டுகளின் ஹுகும்களைப் பின்தொடர்வதே தேர்ந்தவருக்குரிய வேலையாக இருக்க, 360 சீட்டுகளைப் பின்தொடர்பவர் யார்? பின்தொடர முடியாத ஆட்டத்தில் கணிப்புக்கு வேலையில்லை. இன்னொரு தடை மிக எளிமையானது: ஒவ்வொரு சீட்டும் கையால் தீட்டப்பட வேண்டும். அரண்மனைக்காக யானைத் தந்தத்திலும் ஆமை ஓட்டிலும் செய்த சீட்டுகளும், சந்தைக்காகப் புளியங்கொட்டைப் பசையில் துணியை விறைப்பாக்கி அரக்குப் பூசிச் செய்த மலிவான சீட்டுகளும் கஞ்சிஃபாவுக்கு இருந்தன. சத ஆட்டங்களோ அரண்மனையைத் தாண்டிப் பரவியதாகத் தெரியவில்லை.

சீட்டுகளைக் கூட்டாமல், அவற்றின் மதிப்பை மட்டும் மாற்றிச் சமநிலை காண முடியும் என்பதற்குத் தமிழர் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தவர் விரும்பி ஆடும் முன்னூற்றிநாலு, சாதாரண அச்சுக் கட்டிலிருந்து இனத்துக்கு எட்டாக 32 சீட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதில் ஜாக்கியே தலைச்சீட்டு, மதிப்பு 30. அடுத்தது ஒன்பது, மதிப்பு 20. ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் எதுவுமில்லை. ஓர் இனத்துக்கு 76 என்று நான்கு இனங்களுக்குக் கூட்டினால் ஆட்டத்தின் பெயரே விடையாக வருகிறது. கேரளத்திலும் தமிழகத்திலும் ஆடப்படும் இருபத்தெட்டு இதே வரிசையைச் சிறிய எண்களில் வைத்துக்கொள்கிறது. துருப்பு இங்கும் உண்டு. ஆனால் அது நிலையானதன்று. முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்துவிட்டு ஏலம் கேட்டு வென்றவர், தம் கைக்கு ஏற்ற துருப்பைத் தேர்ந்து கவிழ்த்து வைக்கிறார். அதற்கு விலையாக, கேட்ட எண்ணிக்கையை எடுத்துக் காட்டும் கடன் அவர் தலையில் ஏறுகிறது. வலிமையை விரும்புபவர் அதற்குரிய பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற இந்த ஒரு விதி, மைசூரின் நிலையான துருப்பு தராத நியாயத்தைத் தருகிறது. இதை வகுத்தவர் யார் என்று தெரியவில்லை. தலைமுறைகளாக ஆடி ஆடியே தேய்த்து எடுக்கப்பட்ட விதி இது.

ஆடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை நம் காலத்தின் சேகரிப்புச் சீட்டு ஆட்டமும் பட்டறிந்தது. 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’, சேர்மானக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டின் படைப்பு. பெரும்பாலான சீட்டுகளை இறக்க மனா எனப்படும் ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பதே அவர் கண்ட சமநிலைக் கருவி. முதல் வெளியீட்டில் ஒரே ஒரு மனாவுக்கு எதுவாயினும் மூன்று தரும் ஐந்து சீட்டுகள் ஒரு தொகுதியாக அமைந்தன: ஹீலிங் சால்வ் மூன்று உயிர்ப்புள்ளி தந்தது, ஆன்செஸ்ட்ரல் ரீகால் கட்டிலிருந்து மூன்று சீட்டுகளை எடுக்கவிட்டது. எண்ணில் இரண்டும் சமம். ஆட்டத்திலோ முன்னது பொருட்படுத்தத்தக்கதன்று, பின்னது எல்லாவற்றையும் விழுங்கக்கூடியது. ஒருவர் சில கட்டுகளுக்கு மேல் வாங்கமாட்டார், ஆகவே வலிய சீட்டுகள் தாமாகவே அரிதாக இருக்கும் என்று எண்ணியிருந்த வடிவமைப்பாளர்கள், ஆட்டக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்குவதைக் கண்டு, 1994இல் போட்டிக் கட்டுகளில் ஒரே சீட்டு நான்குக்கு மேல் கூடாது என்றும், ஆன்செஸ்ட்ரல் ரீகால் போன்றவை ஒன்றுக்கு மேல் கூடாது என்றும் விதி வகுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஆடியதால்தான் அந்தக் குறை ஓராண்டுக்குள் வெளிப்பட்டது. மும்மடியாருக்கு அந்த ஆயிரக்கணக்கானோர் கிடைக்கவில்லை.

அவருடைய வாழ்நாளிலேயே ஐரோப்பிய அச்சுக் கட்டுகளும் இந்தியக் கடைகளுக்கு வரத் தொடங்கின. லண்டனில் தாமஸ் டி லா ரூ 1830களின் தொடக்கத்தில் சீட்டுகளை இயந்திரத்தில் அச்சிடும் உரிமத்தைப் பெற்றார். கையால் தீட்டிய 96 சீட்டுகளும் 120 சீட்டுகளும் விலையில் 52 அச்சுச் சீட்டுகளோடு போட்டியிட முடியவில்லை. கஞ்சிஃபா ஆடுபவர்களும் தீட்டுபவர்களும் அருகினார்கள். 1982இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ருடால்ஃப் வான் லெய்டன் தொகுத்த கண்காட்சி இச்சீட்டுகளை அறிஞருலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. மைசூர் வட்டாரத்தில் ஓவியர் ரகுபதி பட்டர் பழைய முறையில் சீட்டுகளைத் தீட்டி அக்கலையை மீட்டார். மைசூர் கஞ்சிஃபாச் சீட்டுகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனையும் ஓவியத்துக்குக் கிடைத்த மதிப்பு. சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்படும் சாமுண்டேசுவரியை யாரும் கையில் பிடித்து ஆடுவதில்லை. பதினெட்டுச் சீட்டுகள் கொண்ட இனங்கள் நான்கை மட்டும் எடுத்தால் 72 சீட்டுகளில் ஒரு கட்டு முடிந்துவிடும். இன்றைய அச்சகத்துக்கு அது ஒரு நாள் வேலை. கௌதுக நிதியின் விதிகளைத் தமிழிலும் கன்னடத்திலும் எளிய உரையாகப் பெயர்த்து, அத்தகைய கட்டுகளைப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொடுத்தால், நூற்றைம்பது ஆண்டுகளாகச் சோதிக்கப்படாமல் கிடக்கும் அந்த விதிகளை ஆடிப் பார்த்து, எது நிற்கும், எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள் இப்போதுதான் இருக்கிறார்கள்.