தந்தையின் தழுவல்: தோட்ட வரலாற்றின் எழுதப்படாத ஏடு

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் கப்பலையும் கங்காணியையும் எழுதினர். கூலியையும் கொடுமையையும் எழுதினர். உழைத்த கை என்ன ஈட்டியது என்பதற்குக் கணக்கேடுகள் உள்ளன. அக்கை வீடு திரும்பியபின் குழந்தையை எவ்வாறு தூக்கியது என்பதற்கு எந்த ஏடும் இல்லை. எனினும் ஓரினத்தின் வரலாறு லயத்து வாசலிலும் நிகழ்ந்ததேயன்றோ? தந்தைக்கும் மழலைக்கும் இடைப்பட்ட தழுவலும் விளையாட்டும் பேராக் மாநிலத் தோட்டங்களில் எவ்வாறு வளர்ந்தன, எவ்வாறு பறிக்கப்பட்டன என்பதைச் சிறிது நோக்குவோம்.

இலக்கியம் காட்டும் தந்தை

குழந்தையைக் கொஞ்சுதல் தாயின் தொழில், கண்டித்தல் தந்தையின் தொழில் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். பழந்தமிழ் நூல்கள் இதற்கு முழுதும் இசைவன அல்ல. மக்களின் மெய்தீண்டல் உடலுக்கு இன்பம் என்ற வள்ளுவர், அவ்வின்பத்தைத் தாய்க்கு மட்டும் உரிமையாக்கவில்லை. சோற்றை அள்ளியும் துழாவியும் மேனியெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையைப் புறநானூற்றில் பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி எனும் அரசன். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார் காட்டும் காட்சியோ இன்னும் நுட்பமானது. தந்தை மகனைத் தழுவியிருக்க, தாய் அவ்விருவரையும் சேர்த்துத் தழுவுகிறாள். அவ்வணைப்பின் நடுவில் குழந்தை. அதனை முதலில் ஏந்தியது தந்தையின் கை.

பிற்காலத்தில் பெரியாழ்வார், குழந்தை ஓடிவந்து தழுவுவதை 'அச்சோ' என்றும், முதுகுப்புறம் வந்து கட்டிக்கொள்வதைப் 'புறம்புல்கல்' என்றும் தனித்தனிப் பதிகங்களாகப் பாடினார். ஆயினும் அவற்றை அவர் யசோதையின் நிலையில் நின்றே பாடினார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தழுவலின் சுவையைச் சொல்ல வந்த ஆடவர் தாயின் குரலை ஏற்றார். கூட்டுக் குடும்பங்களில், பெரியோர் முன்னிலையில் தன் பிள்ளையைத் தானே கொஞ்சுதல் தந்தைக்கு அடக்கமன்று என்ற வழக்கமும் நிலவியது. அன்பு இருந்தது; அதனைக் காட்ட இடமில்லை.

லயத்து வாழ்வு

1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை உயர, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் முதலிய வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. தொடக்கத்தில் வந்தோருள் பெரும்பான்மையினர் தனி ஆடவர். பிள்ளையை ஊரில் விட்டுவந்தவனுக்குத் தந்தைமை என்பது தபாலில் அனுப்பும் பணமாகவே இருந்தது. பெண்கள் மிகுதியாக வந்து குடும்பங்கள் நிலைத்த பின்னரே லயங்களில் ஏணை கட்டப்பட்டது.

அங்கே வாழ்வின் ஒழுங்கை வகுத்தது பால்மரம். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். ஆதலின் விடியுமுன் பெரட்டு. தாயும் தந்தையும் தத்தம் நிரைக்குச் செல்ல, குழந்தை ஆயாக் கொட்டகையில் விடப்பட்டது. பாலை எடுத்து, நிறுத்துக் கொடுத்து, நண்பகலுக்குப் பின் இருவரும் திரும்பினர். தாய்க்கு அதன்பின் அடுப்பும் துணியும் தண்ணீரும் காத்திருந்தன. ஊரிலாயின் பாட்டி இருப்பாள். லயத்தில் பல வீடுகளில் பாட்டி இல்லை. பெரியோர் முன் பிள்ளையைத் தூக்கலாகாது என்ற வழக்கமும், முன்னிற்கப் பெரியோர் இன்மையால் அங்கே தளர்ந்தது என்று கருத இடமுண்டு. பால் காய்ந்து ஒட்டிய கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ரப்பர் வாடை முற்றும் நீங்காத உடலோடு, தந்தை குழந்தையை வாங்கிக்கொண்டார். காலில் இருத்தி ஆட்டுதல், தோளில் ஏற்றுதல், உப்பு மூட்டை தூக்குதல், முதுகில் ஏற்றி யானையாய் நடத்தல் ஆகிய இவற்றுக்குக் காசு வேண்டியதில்லை.

எல்லாத் தந்தையரும் இவ்வாறு இருந்தனர் எனல் பொய்யாகும். மாலையைக் கள்ளுக்கடைக்குக் கொடுத்தவர் பலர். தந்தையின் காலடி கேட்டுக் கதவின் பின் ஒளிந்த குழந்தைகளும் அதே லயங்களில் வளர்ந்தனர். ஒரே கை அணைக்கவும் செய்தது, அடிக்கவும் செய்தது. இதனை மறைப்பது வரலாறு ஆகாது.

பறிக்கப்பட்ட கைகள்

ஜப்பானியர் ஆட்சியில் இவ்வேட்டின் மிகக் கொடிய பக்கம் எழுதப்பட்டது. சயாம்–பர்மா இரயில்பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1943 அக்டோபரில் அதன் இருமுனைகளும் இணைக்கப்பட்டன. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. இறந்தோரை எண்ணினோர் உளர். தந்தையின் தோள் எத்தகையது என்றே அறியாமல் வளர்ந்த குழந்தைகளை எண்ணியவர் எவர்?

போருக்குப் பின்னும் பிரிவு ஓயவில்லை. 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாதோர் வேலை அனுமதி பெறவேண்டியதாயிற்று. பலர் தமிழகம் திரும்பினர். சில குடும்பங்கள் இரு நாடுகளில் பிளவுண்டன. பின்னர் ரப்பர் வீழ்ந்து செம்பனை எழ, தோட்டத்தை விட்டோர் ஈப்போ முதலிய நகரங்களை அடைந்தனர். தொழிற்சாலை மூவேளைப் பணிமுறையாய் இயங்கியது. லாரி ஓட்டிய தந்தை குழந்தை உறங்கியபின் வந்தார், விழிக்குமுன் சென்றார். லயத்தில் கிடைத்த பிற்பகலை நகரம் எடுத்துக்கொண்டது. கூலி சிறிது உயர்ந்தது, மடி காலியாயிற்று.

அறிவியல் கூறுவது

1951-இல் உலக நலவாழ்வு நிறுவனத்துக்கு ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, குழந்தையின் மனநலத்துக்குத் தாயன்பே அடிப்படை என வலியுறுத்தியது. தந்தை பெரிதும் தாய்க்குத் துணையாகவே காணப்பட்டார். 1970-களில் மைக்கேல் லேம் என்பவர் வீடுகளுக்கே சென்று ஆய்ந்து, குழந்தை தன் முதலாண்டிலேயே இருவரிடமும் பற்றுக்கொள்கிறது எனக் காட்டினார். தாய் குழந்தையைப் பெரும்பாலும் பேணுவதற்காகவும், தந்தை விளையாடுவதற்காகவும் தூக்குவதையும் அவர் கண்டார். 2010-இல் ரூத் ஃபெல்ட்மனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, குழந்தையோடு உடலசைத்து விளையாடும் தந்தையரிடம் பிணைப்புக்குரிய ஆக்சிடோசின் எனும் சுரப்புநீர் மிகுதலைக் காட்டியது. ஆகவே தழுவல் குழந்தையை மட்டுமன்று, தந்தையையும் ஆக்குகிறது. ஒன்றை மட்டும் நினைவிற்கொள்க: கழுத்து நிலைபெறாத பச்சிளங்குழவியை உலுக்குதல் மூளைக்குக் கேடு, உயிருக்கும் ஊறு. மார்போடு அணைத்தலே அப்பருவத்துக்குரிய விளையாட்டு.

நம் கடமை

மலேசிய வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்வழி மணமான ஆண் தொழிலாளர்க்கு, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மகப்பேற்றின்போது ஊதியத்துடன் தொடர்ந்து ஏழு நாள் விடுப்பு உரிமையாயிற்று. தந்தைக்கும் பச்சிளங்குழவியிடம் பணியுண்டு எனச் சட்டம் ஏற்றமைக்கு இது சான்று. ஆயின் விடுப்பைத் தரச் சட்டத்தால் இயலும். மடியைத் தர இயலாது.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இங்கே பணியுண்டு. மக்கட்பேறு அதிகாரத்தைத் தேர்வுக்குரிய பொழிப்புரையோடு நிறுத்தாமல், அவ்வின்பம் தந்தைக்கும் உரியது என உணர்த்துதல் வேண்டும். லயங்கள் மறைந்துவரும் இந்நாளில், அங்கு வாழ்ந்த முதியோரை மாணவர் அணுகி, "உங்கள் அப்பா உங்களை எப்படித் தூக்குவார், ஐயா?" எனக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அவ்வினாவுக்குச் சிலர் சிரிப்பர்; சிலர் கண் கலங்குவர்; சிலர் வாய் திறவார். மூன்றும் வரலாறே. கூலிக் கணக்கைத் துரைமார் எழுதிவைத்துச் சென்றனர். தழுவலின் கணக்கை நாம் எழுதாவிடின் எழுதுவார் எவருமிலர்.