விரயம்

விரயம் என்பது தேவைக்கு மேல் செய்யும் செலவையும், பயன் தராமல் போகும் இழப்பையும் குறிக்கும் சொல். வீண்விரயம், பண விரயம், கால விரயம் என்று வழங்கும்.

இதன் மூலம் ‘வியயம்’ என்ற வடசொல். வடமொழியில் அதற்குச் செலவு என்பதே பொருள். வரவாகிய ஆயத்துக்கு எதிர்ச்சொல் அது. அறுபது ஆண்டுகளின் வரிசையில் 20ஆவதான ‘விய’ ஆண்டின் பெயரும் அதுவே. தமிழில் ‘செலவு’ என்ற சொல் பொதுவான பொருளுக்கு நிலைத்துவிட்டதால், விரயம் பழிப்புச் சொல்லாகச் சுருங்கியது. சங்க இலக்கியத்தில் செலவு என்றால் பயணம். பொருள் தேடத் தலைவன் புறப்படுவது செலவு. போகாமல் நின்றுவிடுவது செலவழுங்கல். பிற்காலத்தில் கையிலுள்ள பொருள் வெளியே செல்வதும் செலவாயிற்று.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் வரவை ‘ஆகாறு’ என்றும் செலவை ‘போகாறு’ என்றும் சொல்கிறது. வரவு சிறிதானாலும் கேடில்லை, செலவு அதை மிஞ்சாதவரை என்பது அதன் கருத்து.

சோதிடத்தில் 12ஆம் இடம் விரய ஸ்தானம். வீடு கட்டுதல், திருமணம் போன்றவற்றுக்கு ஆகும் செலவைச் ‘சுபவிரயம்’ என்பர். இங்கு மட்டும் சொல்லின் பழைய பொருள் மிச்சமிருக்கிறது.

தமிழ் முஸ்லிம்கள் ‘இஸ்ராஃப்’, ‘தப்தீர்’ ஆகிய அரபுச் சொற்களுக்கு வீண்விரயம் என்றே பொருள் சொல்வர். ஆகுமான காரியத்திலும் அளவு மீறுவது இஸ்ராஃப். விதை தூவுவதுபோலப் பொருளை இறைப்பது தப்தீர். ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை அளவோடு எடுக்க வேண்டும் என்பது நபிமொழி.

இந்துக்களும் முஸ்லிம்களும் வாழும் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசரா புகழ்பெற்றது. நேர்ச்சைக்காக வேடமிடும் பக்தர்கள் ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெற்றுக் கோயில் உண்டியலில் சேர்க்கின்றனர். வேடத்துக்கும் மேளத்துக்கும் வண்டிக்கும் ஆகும் பணம், பார்ப்பவருக்கு விரயமாகத் தோன்றலாம். நேர்ந்துகொண்டவருக்கு அது கடன் தீர்த்தல்.

ஆகவே விரயத்தைத் தொகை மட்டும் தீர்மானிப்பதில்லை. வரவின் அளவும் செலவின் நோக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நோக்கம் நல்லதாயினும், கடன் வாங்கிச் செய்யும்போது வள்ளுவர் சொன்ன கேடு அங்கும் வந்துவிடுகிறது.